மடிநோய்: தெரியாமல் போகும் பால்

வெலிங்டன் தீவில் பாக்கெட் பாலைக் காய்ச்சிக் காப்பி போடும் நம் குடும்பங்களில் பலருக்கு ஊரில் ஒரு கறவை மாடாவது உண்டு. கேரளத்தின் தேவைக்குத் தமிழ்நாட்டுப் பாலும் வருகிறது. மீனாட்சிபுரம் சோதனைச்சாவடியில் அதற்கென்று பரிசோதனைக்கூடமே இருக்கிறது. ஆகவே மடிநோய் நம் அடுப்படி விஷயமும்தான்.

காம்பின் துளை வழியாகக் கிருமி நுழைந்து மடியை அழற்சியாக்குவதே மடிநோய். மடி வீங்கிச் சுடும், தொட்டால் மாடு உதைக்கும், பால் திரிதிரியாக வரும். இது யாருக்கும் தெரியும். மறைவாக வருவதுதான் பொல்லாதது. பால் வெள்ளையாகவே இருக்கும், மாடும் தீனி தின்னும். கறவை மட்டும் அரை லிட்டர், ஒரு லிட்டர் என்று இறங்கும். "கண்ணு பட்டுடுச்சு" என்று மிளகாய் சுற்றிப் போட்டுவிட்டுச் சும்மா இருந்துவிடுவோம். உலகெங்கும் இந்நோயால் வரும் நட்டத்தில் பெரும்பங்கு இந்த மறைவு நோயால்தான்.

ஐரோப்பிய நாடுகளில் பாலிலுள்ள உடல் அணுக்களை எண்ணுகிறார்கள். மில்லிலிட்டருக்கு 4 லட்சம் என்பது அங்கே வரம்பு. நம் சங்கங்களில் கொழுப்பும் இதர திடப்பொருளும் பார்த்தே பெரும்பாலும் விலை. அதனால் மறைவு நோயை யாரும் தேடுவதில்லை. 1957-இல் வந்த கலிபோர்னியா சோதனை எளிது: நான்கு காம்புப் பாலையும் தனித்தனிக் குழியில் பீய்ச்சி, மருந்துக் கரைசலைக் கலந்து சுழற்றினால், நோயுள்ள பால் கூழ்போலக் கெட்டிப்படும்.

கறந்த பின் அரைமணி நேரமாவது காம்புத் துளை திறந்தே இருக்கும். அப்போது மாடு சாணியில் படுத்தால் போச்சு. கறந்ததும் காம்பை அயோடின் கரைசலில் நனைத்து, உடனே தீவனம் வைத்தால் மாடு நின்று தின்னும். கட்டைவிரலை மடக்கிக் கறப்பதையும் விட வேண்டும், காம்பின் உட்புறம் காயப்படும். ஆரம்ப நிலைக்குத் தமிழ்நாடு கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தார் சொல்லும் பூச்சு ஒன்று உண்டு: சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள் தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம். அரைத்து, நீர் சேர்த்து, கழுவிய மடியில் நாளுக்குப் பத்து தடவை, ஐந்து நாள் தடவ வேண்டும். காய்ச்சல் கண்டாலோ பாலில் ரத்தம் வந்தாலோ மருத்துவரைத்தான் கூப்பிட வேண்டும்.

ஆன்டிபயாடிக் ஊசி போட்டால் மருத்துவர் சொல்லும் நாள்வரை பாலை விற்கக் கூடாது. அந்தப் பாலில் உறை ஊற்றினால் தயிரே சரியாகத் தோயாது. குழந்தைகள் குடித்தால் அந்த மருந்து அவர்கள் உடம்புக்கும் போகும்.

இதைப் போனில் சொன்னபோது என் அத்தை கேட்டார்: "மூணு நாள் பாலைக் கீழ கொட்டச் சொல்றியே, மூணு நாள் அரிசிக்கு யாரு குடுப்பா?" சங்கத்திலிருந்தோ காப்பீட்டிலிருந்தோ அந்த மூன்று நாளுக்குப் பணம் வருகிற ஏற்பாடு அவருக்கு இல்லை. அந்தப் பணத்தை நான் அனுப்பினேன். அதற்குள் ஒரு காம்பு அடைத்துப் போயிருந்தது. மூன்று காம்பு மாட்டுக்குச் சந்தையில் என்ன விலை கிடைக்கும் என்று ஊர்ப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும்.