சாம்பலுக்கு அடியில் என் வாடகை ரூம்!

"அங்கே என்னப்பா இருக்கு?" என்று கேட்டான் என் பையன்.

"முந்நூறு டாலர் கடன் இருக்குடா!" என்றேன்.

2019 மார்ச். ரிடையர் ஆன கையோடு நியூயார்க்கில் இருக்கும் பையன் வீட்டுக்குப் போயிருந்தேன். நயாகரா போகலாம், டிஸ்னி போகலாம் என்று லிஸ்ட் போட்டு வைத்திருந்தான் பாவம். நானோ மான்செராட் போயே தீருவேன் என்று அடம்பிடித்தேன். கரீபியன் கடலில் ஒரு குட்டித் தீவு. மேப்பில் ஒரு கொசு உட்கார்ந்தால் தீவு காணாமல் போய்விடும். நீளம் 16 கிலோமீட்டர், அகலம் 11. தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினால் சைதாப்பேட்டை வருவதற்குள் தீவு முடிந்துவிடும்!

1987-ல் அங்கே வேலைக்குப் போனபோது எனக்கு 26 வயசு. பி.காம். படித்துவிட்டு சும்மா சுற்றிக்கொண்டிருந்தவனை, உறவுக்காரர் ஒருவர் அங்கேயிருந்த ஜவுளிக்கடைக்குக் கணக்கு எழுத அனுப்பி வைத்தார். 'வெஸ்ட் இண்டீஸ்' என்று காதில் விழுந்ததுமே நான் சரி சொல்லிவிட்டேன். தெருவுக்குத் தெரு விவியன் ரிச்சர்ட்ஸ் நிற்பார் என்ற நினைப்பு. போய் இறங்கிய பிறகுதான் தெரிந்தது, அவர் ஊர் பக்கத்துத் தீவான ஆன்டிகுவா!

தலைநகரத்தின் பெயர் பிளிமத். மொத்த ஜனத்தொகையே சுமார் 4,000. நம்ம ஊர் கல்யாண மண்டபத்தில் ஒரு முகூர்த்தத்துக்கு வருகிற கூட்டம்! பீட்டில்ஸ் குழுவின் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் 1979-ல் அந்தத் தீவில் ஒரு ரெக்கார்டிங் ஸ்டூடியோ திறந்திருந்தார். உலகப் பிரபல பாட்டுக்காரர்கள் எல்லாம் வந்து போவார்கள். நமக்கு இளையராஜாவைத் தவிர யாரைத் தெரியும்? பக்கத்தில் வந்து நின்றிருந்தால்கூட, 'கொஞ்சம் தள்ளி நில்லுங்க ஸார்' என்றுதான் சொல்லியிருப்பேன்.

ஒரு விதவை அம்மாள் வீட்டு மாடியில் ரூம். என் பெயர் அவர் வாயில் நுழையவில்லை. அதனால் 'மெட்ராஸ்' என்று வைத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமையானால் 'கோட் வாட்டர்' என்று ஓர் ஆட்டுக்கறிக் குழம்பு. கிராம்பு மணக்க, ரொட்டி தோய்த்துச் சாப்பிடணும்... ஆஹா! ஒருநாள் 'மவுன்டன் சிக்கன்' செய்தார். மலைக்கோழியாக்கும் என்று மூன்று தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். 'இங்கே கோழி ரொம்ப ருசி' என்று ஊருக்கு லெட்டர்கூடப் போட்டாச்சு. மறுநாள் கடை முதலாளி சொன்னார், அது தவளை! (இப்போது நீங்கள் ஆசைப்பட்டாலும் கிடைக்காது. நோய் வந்து, அந்த இனமே அழிகிற நிலைமையில் இருக்கிறது.)

1989 செப்டம்பர் 17. ஹியூகோ என்ற புயல் வந்து தீவையே புரட்டிப் போட்டது. கடைக்கும் கூரை இல்லை, வீட்டுக்கும் கூரை இல்லை. சம்பளம் கொடுக்க முதலாளி கையில் காசில்லை. ஊருக்குக் கிளம்பப் பணமில்லாமல் நான் முழித்துக்கொண்டு நின்றபோது, அந்த அம்மாள் 300 டாலரை என் கையில் திணித்தார். கிழக்குக் கரீபியன் டாலர். அது அவர் கூரைக்குத் தகரம் வாங்க எடுத்து வைத்திருந்த பணம்.

"ஊருக்குப் போனதும் அனுப்பிடறேன்" என்றேன்.

அனுப்பவில்லை.

அந்தக் காலத்தில் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புவது லேசுப்பட்ட காரியமில்லை. அது ஒரு சாக்கு. பிறகு அது லேசாகிவிட்டது. அதற்குள் கல்யாணம், குழந்தை, வீட்டு லோன் என்று வேறு சாக்குகள் வந்துவிட்டன. வருஷா வருஷம் புது டைரி வாங்கியதும் முதல் பக்கத்தில் 'தர வேண்டியது 300' என்று எழுதுவதோடு சரி.

1995 ஜூலை 18. தீவின் தெற்கே இருந்த ஸூஃப்ரியர் ஹில்ஸ் மலை வெடித்தது. 'சும்மா கந்தகப் புகை விடும், ஒண்ணும் பண்ணாது' என்று சொல்லி எங்களை எல்லாம் பிக்னிக் அழைத்துப் போன அதே மலை! ஊரைக் காலி செய்யச் சொன்னார்கள். 1997 ஜூன் 25-ம் தேதி நெருப்புப் புகையும் சாம்பலும் மலையிலிருந்து பாய்ந்து இறங்கி 19 பேர் செத்துப் போனார்கள். போகக்கூடாது என்று தடை போட்ட இடத்துக்கு, பயிரை விட மனசில்லாமல் போனவர்களும் அதில் உண்டு. ஆகஸ்டில் பிளிமத் நகரமே எரிந்து சாம்பலில் மூழ்கியது. தீவிலிருந்த சுமார் 11,000 பேரில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் தீவைவிட்டே கிளம்பிவிட்டார்கள்.

பேப்பரில் அதைப் படித்தபோது முதலில் எனக்குத் தோன்றியது என்ன தெரியுமா? 'அப்பாடா, இனி கடனைக் கொடுக்க விலாசம் இல்லை!' அடுத்த நிமிஷமே என் மேல் எனக்கே அருவருப்பாகிவிட்டது.

இதோ, முப்பது வருஷம் கழித்து ஆன்டிகுவாவிலிருந்து ஒரு தம்மாத்தூண்டு பிளேன். ஷேர் ஆட்டோவுக்கு இறக்கை முளைத்த மாதிரி! இருபது நிமிஷத்தில் மான்செராட். பழைய ஏர்போர்ட்டையும் எரிமலை விழுங்கிவிட்டதால், வடக்கே மலைமேல் 2005-ல் புதுசாகத் திறந்தது இது. பாஸ்போர்ட்டில் மூன்று இலைச் செடி வடிவத்தில் முத்திரை குத்தினார்கள். அந்தக் காலத்தில் அயர்லாந்துக்காரர்கள் குடியேறிய தீவு, அதன் அடையாளம்.

லைசென்ஸ் வாங்கிய கைடோடு போனால்தான் பிளிமத்துக்குள் விடுவார்கள். போனேன். என் தெருவைத் தேடினேன். தெருவே இல்லை! சில இடங்களில் 12 மீட்டருக்குச் சாம்பலும் சேறும். மூன்று மாடிக் கட்டடத்தில் ஒரு மாடி மட்டும் தலை நீட்டிக்கொண்டிருக்கிறது. ஓர் ஆபீஸ் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். மேஜை, நாற்காலி, சாம்பல் மூடிய ஃபைல்கள். குமாஸ்தா டீ குடிக்க எழுந்து போனவர் இன்னும் சீட்டுக்குத் திரும்பாத மாதிரி...

"சட்டப்படி இன்னிக்கும் எங்க தலைநகரம் இதுதான் ஸார்" என்றார் கைடு. ஆள் இல்லாத தலைநகரம்! அரசாங்க ஆபீஸ்கள் எல்லாம் வடக்கே பிரேட்ஸ் என்ற ஊரில் நடக்கின்றன. எரிமலை கொண்டு வந்து கொட்டிய மணலை மற்ற தீவுகளுக்கு விற்கிறார்கள். ஊரை மூடின மண்ணே வருமானம்.

வீட்டுக்கார அம்மாளைக் கண்டுபிடிப்பதில் கஷ்டமே இருக்கவில்லை. ஐயாயிரம் பேர்கூட இல்லாத தீவு. டாக்ஸி டிரைவரிடம் விசாரித்தேன். நேரே லுக் அவுட் என்ற கிராமத்துக்கு ஓட்டிப்போய் வாசலிலேயே இறக்கிவிட்டார். எரிமலையால் வீடிழந்தவர்களுக்காகக் கட்டிய ஊர் அது.

வயது எழுபத்தேழு. கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "மெட்ராஸ்!"

எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. கவரை நீட்டினேன். ஒருதரம் எண்ணினார். மறுபடியும் எண்ணினார்.

"வட்டி..." என்று இழுத்தேன்.

"வட்டி போட பேங்க் வேணுமே? அதுவும் சாம்பலுக்குள்ளே இருக்கு!" என்று வெடித்துச் சிரித்தார்.

1997-ல் மகளோடு இங்கிலாந்து போனாராம். நாலு வருஷம் இருந்திருக்கிறார். குளிரும் ஒத்துக்கொள்ளவில்லை, மனசும் ஒத்துக்கொள்ளவில்லை என்று திரும்பிவிட்டார். "வாரா வாரம் அந்தக் குன்று மேல நின்னு எங்க தெருவைப் பார்த்துட்டு வருவேன். மார்க்கெட் தாண்டி இடது பக்கம் திரும்பினா நம்ம வீடு" என்றார். 'திரும்பினால் இருந்தது' என்றல்ல. 'திரும்பினா நம்ம வீடு'!

பிறகு என்னைக் கேட்டார்: "உன் சொந்த ஊர் எப்படியிருக்கு? மன்னார்குடி பக்கம்னு சொல்லுவியே?"

"இருக்கும்மா."

"கடைசியா எப்போ போனே?"

விரலை மடக்கிக் கணக்குப் போட்டேன். "பன்னிரண்டு வருஷம் ஆச்சு."

"ஐயையோ! அங்கேயும் எரிமலையா?"

"எரிமலை எல்லாம் இல்லேம்மா..."

"அப்புறம் ஏன் போகலே?"

அவர் கேலி செய்யவில்லை, நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார். முப்பத்தைந்து வருஷம் கணக்கு எழுதியவன் நான். அந்தக் கேள்விக்கு மட்டும் பதில் சொல்லத் தெரியவில்லை. ஆட்டுக்கறிக் குழம்பில் ரொட்டியைத் தோய்த்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டேன்.

சென்னை வந்து இறங்கிய மூன்றாம் நாள் மன்னார்குடி பஸ் ஏறினேன். பூட்டு துருப்பிடித்துப் போயிருந்தது. திண்ணையில் ஆடு படுத்திருந்தது. எதிர் வீட்டுப் பாட்டி கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்து, "யாருப்பா அது? வழி தவறி வந்துட்டியா?" என்றாள்.

"ஆமா பாட்டி. கொஞ்சம் சுத்திக்கிட்டு வந்துட்டேன்" என்றேன்.