நார்மண்டிக் கரையின் கணக்கு

நுழையும்முன்

ஒரு போரில் எந்த நாடு மிகுதியாகப் பங்காற்றியது, எந்த நாடு மிகுதியாக இழந்தது என்னும் வினாக்கள் எளியவையாகத் தோன்றும். எண்களை அருகருகே வைத்தால் விடை கிடைத்துவிடும் என்று கருதுவோம். ஆனால், எதை எண்ணுகிறோம், எத்தனை நாள்களுக்கு எண்ணுகிறோம், யாரை எண்ணாமல் விடுகிறோம் என்பவற்றுக்கேற்ப விடையும் மாறுகிறது. 1944ஆம் ஆண்டு ஜூன் 6ஆம் நாள் பிரான்சின் நார்மண்டிக் கடற்கரையில் நேசநாடுகள் தரையிறங்கிய நிகழ்வைக் கொண்டு இவ்வுண்மையை விளக்குகிறது இப்பாடம்.

ஐந்து கரைகள்

1940ஆம் ஆண்டு பிரான்சு ஜெர்மனியிடம் வீழ்ந்தது. அதன்பின் மேற்கு ஐரோப்பாவின் கடலோரத்தை ஜெர்மானியர் காங்கிரீட் அரண்களாலும் கண்ணிவெடிகளாலும் முள்வேலிகளாலும் காத்துவந்தனர். அக்காவலை உடைத்து உள்ளே நுழைவதற்கு நேசநாடுகள் தேர்ந்தெடுத்த இடமே நார்மண்டி. ஜூன் 5ஆம் நாள் தொடங்கவேண்டிய தாக்குதல், கடலின் கொந்தளிப்பால் ஒருநாள் தள்ளிப்போனது.

ஏறத்தாழ 80 கிலோமீட்டர் நீண்ட கடலோரம் ஐந்து பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு மறைபெயர் இடப்பட்டது. மேற்கிலிருந்து கிழக்காக யூட்டா, ஒமாகா ஆகிய இரண்டும் அமெரிக்கப் படைக்கு உரியவை. கோல்டு, சோர்டு ஆகியன பிரிட்டானியப் படைக்கும், அவ்விரண்டுக்கும் இடைப்பட்ட ஜூனோ கனடியப் படைக்கும் ஒதுக்கப்பட்டன. கரையில் படகுகள் வந்துசேர்வதற்கு முந்தைய இரவிலேயே வான்குடைப் படையினர் நிலத்தின் உட்பகுதியில் குதித்துப் பாலங்களையும் சாலைகளையும் கைப்பற்ற முனைந்தனர்.

பங்களிப்பின் கணக்கு

அன்று கடல்வழியாகவும் வான்வழியாகவும் வந்திறங்கிய வீரர்கள் ஏறத்தாழ 1,56,000 பேர். இவர்களுள் அமெரிக்கர் ஏறத்தாழ 73,000 பேர். பிரிட்டானியரும் கனடியரும் சேர்ந்து ஏறத்தாழ 83,000 பேர். தனி நாடாக நோக்கினால் அமெரிக்காவே முதலிடம் பெறுகிறது.

கடலை நோக்கினால் இவ்வரிசை மாறிவிடுகிறது. அன்று ஈடுபட்ட 1,213 போர்க்கப்பல்களுள் 892 பிரிட்டனுடையவை, 200 அமெரிக்காவினுடையவை. தரையிறங்கு கலங்கள் 4,126; அவற்றுள் 3,261 பிரிட்டனுடையவை. ஐந்தில் நான்கு பங்குக்கு நெருக்கமான அளவு இது. ஒட்டுமொத்தப் படைத்தலைவர் அமெரிக்கரான ஐசன்ஹோவர். கடற்படை நடவடிக்கைக்குத் தலைமையேற்றவர் பிரிட்டானியரான பெர்ட்ராம் ராம்சே. ஆகவே, ‘இது எந்த நாட்டின் வெற்றி?’ என்னும் வினாவுக்கு, வீரரை எண்ணுவோர் ஒரு விடையும் கப்பலை எண்ணுவோர் வேறொரு விடையும் தருவர்.

சிறிய பங்களிப்புகளும் உள்ளன. நாடிழந்து பிரிட்டனில் தங்கியிருந்த போலந்து, நார்வே, நெதர்லாந்து நாடுகளின் கப்பல்கள் அன்று கடலில் நின்றன. நார்வேயின் ‘ஸ்வென்னர்’ என்னும் போர்க்கப்பல் சோர்டு கரைக்கு அப்பால் நீர்மூழ்கிக் குண்டு தாக்கி மூழ்கியது. தம் சொந்த மண்ணை மீட்கச் சோர்டு கரையில் இறங்கிய பிரெஞ்சு அதிரடிப்படையினர் 177 பேர் மட்டுமே. 1,56,000 என்னும் எண்ணுக்குமுன் 177 என்பது கண்ணுக்கே தெரியாது. ஆயினும், நான்காண்டுகள் அயலார் ஆட்சியில் வாடிய பிரெஞ்சு மக்களுக்கு அந்த எண்ணின் பொருள் வேறு.

இழப்பின் கணக்கு

அந்த ஒருநாளில் உயிரிழந்த நேசநாட்டு வீரர் ஏறத்தாழ 2,500 பேர் என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. பின்னர், அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் உள்ள நினைவு அறக்கட்டளை ஒன்று, ஒவ்வொரு பெயராகத் தேடிச் சரிபார்த்தது. அதன்படி இறந்தோர் 4,414 பேர். அவர்களுள் அமெரிக்கர் 2,501 பேர். பிற நாட்டினர் 1,913 பேர். மதிப்பீட்டை விடுத்துப் பெயர்களைத் தேடியபோது மறைந்திருந்த ஏறத்தாழ 1,900 உயிர்கள் கணக்கில் வந்துசேர்ந்தன.

இறந்த அமெரிக்கருள் பெரும்பகுதியினர் ஒமாகா கரையில் வீழ்ந்தவர்கள். அங்கு இறங்கிய ஏறத்தாழ 34,000 பேருள் இறந்தோரும் காயமுற்றோரும் காணாமற்போனோரும் 2,000 பேருக்கும் மேல். அதே நாட்டுப் படை இறங்கிய யூட்டாவிலோ, கரையில் ஏற்பட்ட இழப்பு ஏறத்தாழ 200 பேர் அளவில் நின்றது. இவ்வேறுபாடு வீரத்தின் வேறுபாடு அன்று. ஒமாகாவில் மணற்பரப்பை அடுத்து உயர்ந்த குன்றுகள் நின்றன; அவற்றின் மேலிருந்து பகைவர் சுடமுடிந்தது. மேகமூட்டத்தால் நேசநாட்டு விமானங்களின் குண்டுகள் அரண்களின்மேல் விழாது அவற்றைத் தாண்டி உள்நிலத்தில் விழுந்தன. நீரில் மிதந்து கரைசேரவேண்டிய பீரங்கி வண்டிகளுள் ஒரு பிரிவைச் சேர்ந்த 29, கரையிலிருந்து தொலைவிலேயே கடலில் இறக்கப்பட்டன. அவற்றுள் 27 மூழ்கின. யூட்டாவில் படகுகளை நீரோட்டம் இலக்கிலிருந்து தெற்கே ஒதுக்கிவிட்டது. அவ்விடத்தில் காவல் குறைவாக இருந்தது. எனினும், யூட்டாவின் எளிய வெற்றிக்கு உரிய விலையை, முந்தைய இரவில் அதன் பின்னிலத்தில் குதித்த வான்குடைப் படையினர் செலுத்தினர்.

தெரிந்து தெளிவோம்

வர்ஜீனியா மாநிலத்தின் பெட்ஃபோர்டு, ஏறத்தாழ 3,000 பேர் வாழ்ந்த சிற்றூர். ஒமாகா கரையில் முதல் அலையாக இறங்கிய படைப்பிரிவில் அவ்வூர் இளைஞர் பலர் இருந்தனர். அந்த ஒருநாளில் அவ்வூர் 19 இளைஞர்களுக்குமேல் இழந்தது. அந்நாளுக்கான அமெரிக்கத் தேசிய நினைவிடம் இன்று அவ்வூரிலேயே அமைந்துள்ளது.

விகிதம் காட்டும் உண்மை

ஜூனோ கரைக்கு வந்த கனடியர் ஏறத்தாழ 14,000 பேர். படகுகள் தாமதமாக வந்தமையால் ஏறிவந்த கடல்நீர், கண்ணிவெடி கட்டிய தடைகளை மறைத்துவிட்டது. முதலில் இறங்கியோர் கடும் இழப்புக்கு ஆளாயினர். ஆயினும், அன்று மாலைக்குள் கடல்வழி வந்த படைகளுள் மிகத் தொலைவு உள்நிலம் சென்றவர்கள் அவர்களே. உயிரிழந்த கனடியர் 350 பேருக்கும் மேல்.

2,501 என்னும் எண்ணின் அருகில் 350 சிறியதாகத் தெரிகிறது. அக்காலத்தில் அமெரிக்காவின் மக்கள்தொகை ஏறத்தாழ 13.8 கோடி, கனடாவின் மக்கள்தொகை ஏறத்தாழ 1.2 கோடி. ஒரு கோடி மக்களுக்கு இத்தனை பேர் எனக் கணக்கிட்டால், அமெரிக்கா இழந்தது ஏறத்தாழ 180 பேர். கனடா இழந்தது 290 பேருக்கும் மேல். கூட்டுத்தொகையில் பின்னால் நின்ற நாடு விகிதத்தில் முன்னால் வந்துவிடுகிறது. இரண்டும் உண்மையே. ஒன்றை மட்டும் சொல்லி மற்றொன்றை மறைப்பதே பிழை.

எண்ணப்படாதோர்

இக்கணக்கில் சேராதோரும் உள்ளனர். தாக்குதலின் முதல் இரு நாள்களில் மட்டும் பிரெஞ்சுப் பொதுமக்கள் ஏறத்தாழ 3,000 பேர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர், ஜெர்மானியப் படையின் வரவைத் தடுப்பதற்காகக் கான், சான் லோ முதலிய நகரங்களின்மேல் நேசநாட்டு விமானங்கள் வீசிய குண்டுகளுக்கு இரையானவர்கள். விடுதலை அவர்களைத் தேடி வந்தது. அதைக் காண அவர்கள் இல்லை.

நார்மண்டியில் ஒரு வீரர்கூட இறங்காத சோவியத் ஒன்றியத்தின் பங்கும் இங்கு நினைக்கத்தக்கது. ஜெர்மனியின் தரைப்படையில் பெரும்பகுதி அப்போது கிழக்குமுனையில் சோவியத் படையோடு பொருதிக்கொண்டிருந்தது. ஜூன் 22ஆம் நாள் சோவியத் படை அங்குப் பெருந்தாக்குதலைத் தொடங்கியது. அதனால், கிழக்கிலிருந்து பெரும்படையை நார்மண்டிக்குத் திருப்ப ஜெர்மனியால் இயலவில்லை.

ஒப்பீட்டின் பயன்

நார்மண்டியில் இன்று பல நாட்டுக் கல்லறைத் தோட்டங்கள் உள்ளன. கொல்வில் என்னும் ஊரில் அமெரிக்கர் 9,000 பேருக்கும் மேல் துயில்கின்றனர். பெனி என்னும் ஊரில் துயில்வோர் 2,000 பேருக்கும் மேல். அவர்கள் பெரும்பாலும் கனடியர். இவ்வெண்களை ஒருநாளின் இழப்பாகக் கொள்ளல் தவறு. அவை ஆகஸ்டு இறுதிவரை நீண்ட போரையும் உள்ளடக்கியவை. பாயோ நகரத்துப் பிரிட்டானியக் கல்லறைத் தோட்டத்தில் ஜெர்மானிய வீரர் நானூற்றுவருக்கும் மேல் அடக்கம் செய்யப்பட்டுள்ளனர். பகைவராய் நின்றோர் ஒரே மண்ணில் அருகருகே கிடக்கின்றனர்.

நாடுகளின் பங்கையும் இழப்பையும் ஒப்பிடுவது எவர் உயர்ந்தவர் என்று தீர்ப்புக் கூறுவதற்காக அன்று. கப்பல் தந்தோர், உயிர் தந்தோர், வேறொரு முனையில் பகைவரைப் பிடித்து நிறுத்தியோர், வீட்டிலிருந்தவாறே மாண்டோர் எனப் பலரும் சேர்ந்தே அந்நாளை உருவாக்கினர் என்பதை அறிவதற்காகவே. ஓர் எண்ணைக் காணும்போது, அது யாரைக் குறிக்கிறது, யாரை விட்டுவிடுகிறது என்று வினவும் பழக்கமே வரலாறு கற்போர்க்கு வேண்டிய முதல் பண்பு.

கற்பவை கற்றபின்

1. கூட்டுத்தொகை, விகிதம் ஆகிய இரண்டுள் ஒன்றை மட்டும் கொண்டு முடிவு செய்வதால் நேரும் பிழையை, நாளிதழ்ச் செய்தி ஒன்றைச் சான்றாகக் கொண்டு விளக்குக.

2. ‘போரின் இழப்பில் பொதுமக்களின் உயிரையும் சேர்த்தே எண்ணவேண்டும்’ என்னும் பொருளில் வகுப்பறையில் கலந்துரையாடுக.