நாளைக்கு அவன் பந்து போடுவான்: ஒரு பௌலரை நினைச்சா ஏன் தூக்கம் போகுது?

(மன்னவனூரில் பதிவான எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம். பேச்சு நடையைப் பெரும்பாலும் அப்படியே விட்டிருக்கிறோம்.)

இன்னைக்கு ஸ்டுடியோ இல்ல. கொடைக்கானல்ல இருந்து சுமார் 35 கிலோமீட்டர், பூம்பாறை தாண்டி, மன்னவனூர்ல என் காலேஜ் ஃப்ரெண்ட் வீட்டு அடுப்பங்கரையில உட்கார்ந்து பேசிட்டு இருக்கேன். குளிருக்கு இங்கதான் கொஞ்சம் இதமா இருக்கு. பின்னாடி அப்பப்போ 'டொக், டொக்'னு ஒரு சத்தம் கேட்கும். அதை எடிட்ல எடுக்க வேண்டாம்னு சொல்லியிருக்கேன். ஏன்னு கடைசியில சொல்றேன்.

ஏரி, ஆட்டுப்பண்ணை, மலைப்பூண்டு, இதைப் பத்தியெல்லாம் ஒரு எபிசோட் பண்ணலாம்னுதான் வந்தேன். ஆனா இந்த வீட்ல ரெண்டு நாளா ஒரே பேச்சுதான். நாளைக்குக் காலையில டென்னிஸ் பால் மேட்ச். எட்டு ஓவர். எதிர் டீம்ல ஒரு பையன் இருக்கான். இடது கை, நல்ல வேகம். போன தடவை ரெண்டே ஓவர்ல இவங்க ஆளுங்க நாலு பேரை வீட்டுக்கு அனுப்பிட்டான். அதுல மொத ஆள் என் ஃப்ரெண்டோட தம்பி. மொத பந்துலயே ஸ்டம்ப் போச்சு. 19 வயசு, டீமோட ஓப்பனர். இன்னைக்கு ராத்திரி ரெண்டு இட்லியோட எழுந்துட்டான். கேப்டன் அவன்கிட்ட, "வேணும்னா நீ நாலாவதா எறங்குடா, காலையில சொல்லு"ன்னு சொல்லியிருக்கானாம்.

இதைப் பார்த்தப்போதான் தோணுச்சு. மொத்தம் 11 பேர் ஆடுறாங்க. ஆனா முந்தின நாள் ராத்திரி நாம ஒரே ஒருத்தனைப் பத்தி மட்டும் ஏன் பேசுறோம்? அந்த பயத்துல எவ்வளவு நிஜம், எவ்வளவு நாமளே கட்டிக்கிட்டது?

பேஸ்பால்ல இது தினசரி சமாச்சாரம்

அமெரிக்காவுல பேஸ்பால் பார்க்கிறவங்களுக்கு இந்த பயம் காலண்டர்ல குறிச்சு வெச்ச மாதிரி வரும். அங்க ஒவ்வொரு மேட்ச்சையும் தொடங்கி வைக்கிற பிட்சர் யாருன்னு பெரும்பாலும் முன்கூட்டியே அறிவிச்சிடுவாங்க. ஒரு ஸ்டார்ட்டிங் பிட்சர் இன்னைக்கு எறிஞ்சா, அடுத்த நாலஞ்சு நாள் ஓய்வு. அதனால எதிர் டீமோட பெரிய பிட்சர் நம்ம மேட்ச்சுக்கு வர்றானா, இல்ல ஒரு நாள் தள்ளிப் போறானான்னு ரசிகர்கள் விரல் விட்டு எண்ணுவாங்க. வர்றான்னு தெரிஞ்சா அன்னைக்கே பாதி தோத்த மாதிரி பேச்சு ஆரம்பிச்சிடும்.

அவங்க பயத்துலயும் நியாயம் இருக்கு. நல்ல பிட்சர் ஒருத்தன் அஞ்சாறு இன்னிங்ஸுக்கு மொத்த ஆட்டத்தையும் தன் கையில வெச்சுக்கலாம். ஆனா அவனுக்கும் ஒரு எல்லை உண்டு. இப்பல்லாம் சுமார் 100 பந்து வந்ததும் கோச் மாத்திடுவாரு. அதனால பேட்டிங் டீம் ஒரு தந்திரம் பண்ணும். அடிக்க முடியலன்னாலும் தட்டித் தட்டி வெளிய அனுப்பி, அவனை நிறைய பந்து எறிய வைக்கும். அவனை ஜெயிக்க முடியலையா, சீக்கிரமா உட்கார வை. அப்புறம் வர்றவன்கிட்ட பார்த்துக்கலாம்.

கிரிக்கெட்ல நமக்கு இந்த வேலையை ரூல்ஸே பண்ணிக் கொடுத்துடுது. டி20ல ஒரு பௌலருக்கு நாலு ஓவர், அதாவது 120 பந்துல 24. நாளைக்கு இங்க நடக்கப்போற மேட்ச்ல ஒருத்தருக்கு ரெண்டு ஓவர். 48 பந்துல 12. கால்வாசி. அப்போ மீதி முக்கால்வாசியை வெச்சு ஜெயிச்சிடலாமே? கணக்கு அப்படித்தான் சொல்லுது. ஆனா நிஜத்துல அவ்வளவு சுலபமா நடக்கிறதில்ல.

30 பந்துல 30 ரன்

2024 ஜூன் 29, டி20 உலகக்கோப்பை ஃபைனல். தென்னாப்பிரிக்காவுக்கு 30 பந்துல 30 ரன் வேணும், கையில ஆறு விக்கெட். அந்த நேரத்துல நம்மள்ல எத்தனை பேர் டிவியை அணைச்சோம்னு கை தூக்க வேண்டாம்.

ஆனா அந்த 30 பந்தைப் பிரிச்சுப் பாருங்க. அதுல 12 பந்து பும்ராவோடது. 16வது ஓவர்ல அவர் கொடுத்தது 4 ரன். 18வது ஓவர்ல 2 ரன், கூடவே ஒரு விக்கெட். ஆக 12 பந்துல 6 ரன். அப்போ தென்னாப்பிரிக்கா நிஜமா ஆடினது வேற கணக்கு: 18 பந்துல 24 ரன், மத்த பௌலர்கள்கிட்ட. அதுவும் அடிக்கக் கூடியதுதான். ஆனா அந்த இடத்துலதான் இன்னொண்ணு நடந்துச்சு. பும்ராவோட அந்த ரெண்டு ஓவருக்கும் நடுவுல, 17வது ஓவரோட மொத பந்துலயே, ஹர்திக் பாண்டியா கிளாசனை அவுட் ஆக்கினார். சூர்யகுமார் புடிச்ச கேட்ச்சும் ஹர்திக் பந்துலதான். கடைசியில இந்தியா 7 ரன்ல ஜெயிச்சது.

இங்க கவனிக்க வேண்டியது இதுதான். பெரிய பௌலர் எடுக்கிற விக்கெட்டெல்லாம் அவர் பேர்ல மட்டுமே விழாது. "அவன்கிட்ட ரன் வராது, அதனால இவனை அடிச்சே ஆகணும்"னு எதிர்முனையில அவசரப்படுறோம் பாருங்க, அந்த விக்கெட்டுல பாதி அவரோடது. நம்ம பயத்தோட மொத வேலையே அதுதான். அவர் போடாத ஓவர்லயும் அது நம்மகூட வந்து நிக்கும்.

சேப்பாக்கம், மார்ச் 1998

சரி, பந்துக் கணக்கே இல்லாத டெஸ்ட் மேட்ச்ல என்ன பண்றது? அங்க பௌலரை ஓட்டித் தள்ளிட்டு நிம்மதியா இருக்க முடியாது. கேப்டன் நினைச்சா திரும்பத் திரும்ப அவரையே கொண்டு வரலாம்.

1998ல ஆஸ்திரேலியா இந்தியாவுக்கு வந்தப்போ எல்லாரும் பேசினது ஷேன் வார்னைப் பத்தித்தான். சச்சினா வார்னான்னு ஒரே கேள்வி. டெஸ்ட்டுக்கு முன்னாடி மும்பை டீமுக்கு ஆடி சச்சின் 204 நாட் அவுட். அதுல வார்ன் 111 ரன் கொடுத்து ஒரு விக்கெட்கூட எடுக்கல. ரசிகர்களுக்கு அதுவே போதும், கொண்டாடியாச்சு. ஆனா சச்சினுக்கு அது போதல.

அவர் மனசுல இருந்தது குறிப்பான ஒரு பந்து. வார்ன் ரவுண்ட் த விக்கெட் வந்து, பௌலர்களோட ஷூ கிளறி வெச்ச கரடுமுரடான இடத்துல, லெக் ஸ்டம்ப்புக்கு வெளிய குத்தி, உள்பக்கமா திருப்புவாரு. லெக் ஸ்டம்ப்புக்கு வெளிய குத்தின பந்துக்கு எல்பிடபிள்யூ கிடையாது. அதனால பேடை நீட்டித் தடுத்துட்டே நிக்கலாம், ஆபத்து குறைவு. ஆனா ரன்னும் வராது. ஒரு மணி நேரம் அப்படியே நின்னா, பொறுமை போய் ஒருத்தர் தப்பு பண்ணுவாங்க. வார்ன் காத்திருக்கிறது அதுக்குத்தான்.

அதனால சச்சின் சென்னையில வலைப்பயிற்சிக்கு நம்ம லக்ஷ்மண் சிவராமகிருஷ்ணனைக் கூப்பிட்டார். 1984ல பம்பாய் டெஸ்ட்ல இங்கிலாந்துக்கு எதிரா 12 விக்கெட் எடுத்தப்போ சிவாவுக்கு வயசு 18. சென்னைக்காரர், லெக் ஸ்பின்னர். லெக் ஸ்டம்ப்புக்கு வெளிய இருக்கிற கரடான இடத்துலயே அவரைத் திரும்பத் திரும்பப் போட வெச்சு, சச்சின் அதைத் தூக்கி அடிச்சுப் பழகினார்.

இத்தனை பண்ணிட்டு சேப்பாக்கத்துல மொத இன்னிங்ஸ். வார்ன் பந்துல, மார்க் டெய்லர் கேட்ச், சச்சின் 4 ரன். மைதானமே அமைதியாயிடுச்சு. அப்போ டீமோட இருந்த வி.வி.எஸ். லக்ஷ்மண் பல வருஷம் கழிச்சு சொன்னது: சச்சின் பிசியோ ரூமுக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டார், ரொம்ப நேரம் கழிச்சு வெளிய வந்தப்போ கண்ணு சிவந்திருந்தது.

ரெண்டாவது இன்னிங்ஸ்ல இந்தியா 71 ரன் பின்தங்கித்தான் இறங்குச்சு. வார்ன் அதே மாதிரி ரவுண்ட் த விக்கெட் வந்தார். சிவாவை வெச்சுப் பழகின அதே பந்து. இந்தத் தடவை சச்சின் அதை மிட்விக்கெட் பக்கம் தூக்கினார். 155 நாட் அவுட். வார்ன் அந்த இன்னிங்ஸ்ல 122 ரன் கொடுத்து ஒரே ஒரு விக்கெட். இந்தியா 179 ரன்ல ஜெயிச்சது.

"எந்தப் பந்துடா?"

சாயங்காலம் இந்தக் கதையை நான்தான் இங்க ஆரம்பிச்சேன். ஆனா அதை முடிச்சு வெச்சது ஃப்ரெண்டோட சித்தப்பா. ஒரு காலத்துல இவரும் ஊர் டீம்ல ஆடினவர்தான். எல்லாத்தையும் கேட்டுட்டு தம்பியைப் பார்த்து ஒரே கேள்வி கேட்டார்.

"அவன் நல்லா போடுறான், நல்லா போடுறான்னு ரெண்டு நாளா சொல்ற. எந்தப் பந்துலடா அவுட் ஆக்குறான்?"

தம்பிக்குச் சட்டுனு பதில் வரல. "வேகமா வருது சித்தப்பா" அப்படின்னான்.

"வேகமா வர்ற எந்தப் பந்து?"

அப்புறம் டீம் வாட்ஸ்அப் குரூப்ல இருந்த பழைய வீடியோவை எடுத்துப் பார்த்தோம். நாலு விக்கெட். நாலுல மூணு ஒரே பந்து. காலுக்கடியில யார்க்கர், லெக் ஸ்டம்ப்பைப் பார்த்து உள்ள வருது. மூணு பேருமே பேட்டைத் தலைக்கு மேல தூக்கி வெச்சிருக்காங்க, இறக்குறதுக்குள்ள முடிஞ்சிடுது. நாலாவது ஆள் அவுட் ஆனது அடுத்த முனையில இருந்து வந்த அவசரத்துல, கூப்பிடாத ரன்னுக்கு ஓடி.

ரெண்டு நாளா இந்த வீட்ல எல்லாரும் பயந்தது ஒரு பேருக்கு. அந்த வீடியோ முடிஞ்சப்போ அது ஒரே ஒரு பந்தா சுருங்கிடுச்சு. பேருக்குப் பயிற்சி எடுக்க முடியாது. பந்துக்கு எடுக்கலாம். ரசிகனுக்கும் ஆடுறவனுக்கும் வித்தியாசம் இங்கதான்னு நினைக்கிறேன். நாம முழுசா ஒரு ஆளைப் பார்த்து பயப்படுறோம். ஆடுறவன் அந்த ஆளைப் பிரிச்சு, "இதுல என்னை வீழ்த்தப் போறது எது?"ன்னு தேடணும்.

ஆனா உத்தரவாதம் கிடையாது

இங்கயே முடிச்சா நல்லா இருக்கும். ஆனா சேப்பாக்கம் அடுத்த வருஷமே இன்னொரு பாடமும் எடுத்துச்சு. 1999 ஜனவரி, பாகிஸ்தான். பௌலர் சக்லைன் முஷ்டாக். ஆஃப் ஸ்பின் மாதிரியே கையை விட்டு எதிர்ப்பக்கம் திருப்புற 'தூஸ்ரா' அவரோட ஆயுதம். மொத இன்னிங்ஸ்ல சச்சின் பூஜ்யம், சக்லைன் பந்துல. ரெண்டாவது இன்னிங்ஸ்ல 271 எடுக்கணும். முதுகு வலியோட சச்சின் 136 அடிச்சு, இன்னும் 17 ரன்தான் பாக்கிங்கிற இடம் வரைக்கும் கொண்டு வந்து, திரும்பவும் சக்லைன்கிட்டயே அவுட். மிச்சம் மூணு விக்கெட்டும் 4 ரன்ல போச்சு. 12 ரன்ல தோல்வி. அந்த மேட்ச்ல சக்லைனுக்கு மொத்தம் 10 விக்கெட்.

அதுக்கப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். சென்னை ரசிகர்கள் எழுந்து நின்னு பாகிஸ்தான் டீமுக்குக் கை தட்டினாங்க. அவங்க மைதானத்தைச் சுத்தி வந்தாங்க. அது வெறும் பெருந்தன்மைன்னு எனக்குத் தோணல. சச்சினோட 136 அவ்வளவு பெருசா தெரிஞ்சதுக்குக் காரணமே எதிர்ல சக்லைன் இருந்ததுதானே? "அவன் இன்னைக்கு ஆடக் கூடாது சாமி"ன்னு வேண்டிக்கிறோம். ஆனா நிஜமாவே அவன் ஆடலன்னா, ஜெயிச்ச பிறகும் ஏதோ குறையுது.

இதைத் தம்பிகிட்டயும் கேட்டுப் பார்த்தேன். "நாளைக்கு அவனுக்குக் காய்ச்சல், வரலன்னு சொன்னா சந்தோஷப்படுவியா?" கொஞ்ச நேரம் யோசிச்சான். "மொதல்ல சந்தோஷமா இருக்கும்க்கா. அப்புறம் இன்னொரு மேட்ச் வரைக்கும் இதே மாதிரி தூங்காம இருக்கணுமே."

கொஞ்ச நேரம் கழிச்சு அவனே கேட்டான். "அக்கா, சச்சின் அவ்ளோ பழகியும் மொத இன்னிங்ஸ்ல 4 ரன்தானா?"

"ஆமாடா. 4 ரன்தான்."

தலையை ஆட்டிட்டு எழுந்து வெளிய போனான். நீங்க இவ்வளவு நேரம் கேட்ட 'டொக், டொக்' அதுதான். திண்ணை லைட் வெளிச்சத்துல சித்தப்பா டென்னிஸ் பாலை அவன் காலடியைப் பார்த்து எறியறார். அவன் பேட்டைத் தூக்காம, தாழ்வா வெச்சு, ஒவ்வொண்ணா தடுத்துட்டு இருக்கான். வெளிய பனி மூட்டம் இறங்கிடுச்சு, நாலடி தள்ளி ஒண்ணும் தெரியல. அக்கா காரி உள்ள இருந்து "சளி புடிக்கப் போகுது ரெண்டு பேருக்கும்"னு திட்டிட்டு இருக்கா.

நாலாவதா எறங்குறானான்னு கேட்டேன். "மொத ஓவர் அவன்தான்க்கா போடுவான். அப்ப நான் உள்ள நிக்கணும்"னு சொல்லிட்டான்.

மேட்ச் காலையில ஒன்பது மணிக்கு, பனி விலகினா. என்ன ஆச்சுன்னு அடுத்த எபிசோட்ல சொல்றேன். நீங்களும் உங்க தூக்கத்தைக் கெடுத்த பௌலர் யாருன்னு எனக்கு எழுதுங்க. பேரோட நிறுத்திடாம, எந்தப் பந்துன்னும் சேர்த்து எழுதுங்க.