ஏறத் தெரியாதவர்களின் மலையாத்திரை

உயரத்தின் விஷயத்தில் இயற்கை ஜொகூர் மாநிலத்துக்குச் சற்றுச் சிக்கனமாகவே அளந்திருக்கிறது. ஜலசந்திக் கரையோரத்துச் சதுப்பும், அதற்கு உள்ளே செம்பனையும் பால்மரமுமாக விரிந்து கிடக்கும் மேடுபள்ளமும் போக, குளுவாங் நகரத்தார் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏறி இறங்கிவிட்டுத் தேநீர்க் கடைக்குத் திரும்பிவிடக்கூடிய லம்பாக் மலையும், கூலாய்ப் பக்கத்துப் பூலாய் மலையும், வடமேற்கு மூலையில் தங்காக் பட்டணத்துக்குப் பின்னால் நிற்கும் 1,276 மீட்டர் உயரமுள்ள லேடாங் மலையுமே நமக்குப் பெயர் சொல்லும்படி வாய்த்த மலைச் செல்வம். இருந்தும் இந்தச் சமவெளியிலிருந்துதான் பள்ளி ஆசிரியர்களும், கணக்கர்களும், தாதியரும், ஓய்வுபெற்ற அரசாங்க ஊழியர்களும் சபாவிலுள்ள 4,095 மீட்டர் கினபாலுவை நோக்கிப் புறப்படுகிறார்கள். அங்கே போய் வந்தவர்களில் சிலர் ஆசை அடங்காமல், நேபாளத்தில் 5,364 மீட்டர் உயரத்திலுள்ள எவரெஸ்ட் அடிவார முகாமுக்கும் நாள் குறிக்கிறார்கள். இவர்களில் பெரும்பாலோர் பனிக்கோடரியைக் கையால் தொட்டதில்லை. கயிற்றில் தொங்கிப் பாறை ஏறியதுமில்லை. இனித் தொடப்போவதாகவும் உத்தேசமில்லை.

இதில் பரிகசிக்கத்தக்கது ஒன்றுமில்லை. உயர்மலைப் பிரதேசம் முன்பெல்லாம் யாத்திரிகர்களுக்கும், வியாபாரிகளுக்கும், கொடி நாட்டப் புறப்பட்ட மலையேற்றக் குழுக்களுக்கும் மட்டுமே உரியதாக இருந்தது. கூர்க்காப் படையிலிருந்து ஓய்வுபெற்ற ஜிம்மி ராபர்ட்ஸ் என்னும் ஆங்கிலேய அதிகாரி, 1964-ல் காத்மாண்டில் 'மவுண்டன் டிராவல்' என்ற ஸ்தாபனத்தைத் தொடங்கி, மறு ஆண்டில் மூன்று அமெரிக்க மாதரை எவரெஸ்டின் பக்கமாக நடத்தி அழைத்துச் சென்றபோதுதான், கூடாரமும் சமையலும் சுமையும் வழியும் பிறர் பொறுப்பாக இருக்க, காசு கொடுத்தவர் நடந்தால் மட்டும் போதும் என்ற ஏற்பாடு ஒரு தொழிலாக உருவெடுத்தது. அந்த ஏற்பாட்டில் நாம் விலை கொடுத்துப் பெறுவது சோறும் கூடாரமும் என்றே பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். என்னைக் கேட்டால், அந்தப் பணத்துக்கு நமக்குக் கிடைக்கும் முக்கியமான சரக்கு இன்னொருவருடைய விவேகம் என்பேன். அதை வாங்கிவிட்டு உபயோகிக்காமல் பையிலேயே வைத்திருப்பவர்கள்தாம் மலையில் சங்கடப்படுகிறார்கள்.

பயண ஆயத்தம் என்றவுடன் நம்மவர் கவனம் முதலில் பாதரட்சைக்கும், அடுத்து முழங்காலுக்கும் போகிறது. லேடாங் மலை இதற்கு ஏற்ற பாடசாலைதான். ஜொகூர் தேசியப் பூங்காக் கழகத்தின் நிர்வாகத்தில் இருக்கும் அந்த மலையில் வழிகாட்டியில்லாமல் ஏற அநுமதியில்லை. கொண்டுபோகும் பொருள்களை முன்கூட்டியே கணக்கெழுதி, இறங்கி வரும்போது காலிப் பாட்டிலும் பிஸ்கட் உறையும் கணக்குப்படி திரும்பியிருக்கின்றனவா என்று சரிபார்க்கும் வழக்கமும் உண்டு. அந்த மலையின் இளவரசி தம்மைப் பெண் கேட்டு ஆளனுப்பிய மலாக்கா சுல்தானுக்கு விதித்த ஏழு நிபந்தனைகளில், தட்டுத் தட்டாகக் கொசுவின் இதயமும் ஒன்று என்று கதை சொல்வார்கள். அதோடு ஒப்பிட்டால் பூங்கா நிர்வாகத்தார் தயாளர்களே. வேர்களைப் பற்றிக்கொண்டும், கயிற்றைப் பிடித்துக்கொண்டும், இரும்பு ஏணிகளில் காலூன்றியும் ஏறும் அந்தப் பாதை தொடைக்கும் கணுக்காலுக்கும் நல்ல பயிற்சி. ஏறுவதைக் காட்டிலும் இறங்குவதே முழங்காலைப் பதம் பார்க்கும் என்ற உண்மையும் அங்கேதான் முதன்முதலாகத் தெரிய வரும்.

ஆல்பிரட் ரஸ்ஸல் வாலஸ் என்னும் இயற்கை விஞ்ஞானி 1854-ல் இதே மலைக்கு, ஓபிர் என்று அக்காலத்தார் அழைத்த மலைக்கு, மலாக்காவிலிருந்து மலாய்க்காரர் சிலரைத் துணைகொண்டு வந்தார். உச்சியை நெருங்கும்போது தாகம் மிகுந்து, தண்ணீர் எங்கும் கிடைக்காமல், கெண்டிச் செடிகளின் குடுவைகளில் பூச்சிகளோடு தேங்கிக் கிடந்த நீரைக் குடித்துத் தாகம் தீர்த்துக்கொண்டதையும், அது சற்று வெதுவெதுப்பாக இருந்தாலும் குடிக்க நன்றாகவே இருந்ததையும் தம் நூலில் எழுதிவைத்திருக்கிறார். உலகத்துக் காடுகளையெல்லாம் அளந்த மனிதருக்கே 1,276 மீட்டர் மலையில் தண்ணீர்க் கணக்குத் தப்பியது என்பதை, ஒற்றைப் பாட்டிலோடு புறப்படும் நம் இளைஞர்கள் கவனிக்க வேண்டும்.

ஆனால் லேடாங் கற்றுத் தராத பாடம் ஒன்று உண்டு. அது காற்றைப் பற்றியது. 1,276 மீட்டரில் எவருடைய மூச்சும் உயரத்தால் தடுமாறுவதில்லை. களைப்பால் மட்டுமே தடுமாறும். சுமார் 2,500 மீட்டருக்கு மேலே விஷயமே வேறாகிவிடுகிறது. கினபாலுவில் இரவு தங்கும் இடமான பனாலாபானில், 3,270 மீட்டர் உயரத்தில், காற்றின் அழுத்தம் ஜொகூர் பாருவில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். சிகரத்தில் ஏறக்குறைய ஐந்தில் மூன்று பங்கு. எவரெஸ்ட் அடிவார முகாமில் பாதி. ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் பிராணவாயு அந்த அளவுக்குக் குறைந்துபோகிறது. தேகம் இதை ஈடுகட்டும் வழி அறிந்ததுதான்: மூச்சை வேகப்படுத்தும், அதனால் இரத்தத்தின் காரத்தன்மை கூடிப்போக, அதைச் சிறுநீரகங்கள் மெல்ல மெல்லச் சரிசெய்யும். இதற்கு மணிக்கணக்குப் போதாது, நாள்கணக்கு வேண்டும். அந்த நாள்களைக் கொடுக்காதவர்களுக்குத் தலைவலி, குமட்டல், உறக்கமின்மை என்று முதல் எச்சரிக்கைகள் வரும். அவற்றையும் மதியாமல் மேலே போனால் நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோத்து உயிருக்கே அபாயமாக முடியலாம்.

இதில் விசித்திரம் என்னவென்றால், தேகபலம் இந்த நோய்க்குக் கவசமாவதில்லை. மாரத்தான் ஓடுகிற இருபத்தைந்து வயது வாலிபர் சுருண்டு படுத்திருக்க, அவருடைய அத்தை பக்கத்தில் உட்கார்ந்து சூப் குடித்துக்கொண்டிருக்கும் காட்சி உயர்மலை விடுதிகளில் அபூர்வமன்று. வாலிபர் வேகமாக ஏறினார். அத்தை வேகமாக ஏற முடியாதவர். அசெட்டசோலமைடு என்ற மாத்திரை உடம்பின் சரிக்கட்டலை விரைவுபடுத்தும் என்பது மெய். ஆனால் சல்பா மருந்து ஒவ்வாதவர்களும், வேறு வியாதிக்கு மருந்து உண்பவர்களும் நிறைய இருக்கிறார்கள். ஆகவே வைத்தியரைக் கேளாமல், நண்பர் கொடுத்தார் என்று அதை விழுங்குவது தகாது.

இனிக் கினபாலு யாத்திரையை எடுத்துக்கொள்வோம். அதைத் திட்டமிடுகிறவர் நாள்காட்டியைத் திறப்பதற்கு முன் கட்டிலைத் தேட வேண்டும். சபா பூங்காக்கள் நிர்வாகம் நாளொன்றுக்கு இத்தனை பேர்தான் என்று வரம்பு கட்டியிருக்கிறது. பனாலாபானில் படுக்கை உறுதியானால்தான் ஏறுவதற்கு அநுமதி. பள்ளி விடுமுறையில் போக விரும்பும் ஆசிரியர்கள் பல மாதங்களுக்கு முன்பே பதிவு செய்துகொள்ளாவிட்டால், அந்த ஆண்டை மறந்துவிட வேண்டியதுதான். செனாயிலிருந்து கோத்தா கினபாலுவுக்கு நேர் விமானம் இருக்கிறது. ஒரே நாட்டுக்குள் பிரயாணம் என்றாலும், தீபகற்பத்தாரை சபாவின் குடிநுழைவு முகப்பு தனியே விசாரிக்கும் என்பதால் அடையாள அட்டையைக் கையிலேயே வைத்திருப்பது நல்லது. விமானம் இறங்கிய இரவைக் கடற்கரை நகரத்து மீன் கடைகளில் கழித்துவிட்டு, விடியலில் மோட்டாரேறி நேரே மலைக்குப் போவது பலருடைய வழக்கம். அது தவறு என்பது என் அபிப்பிராயம். இரண்டு மணி நேரப் பிரயாணத்தில் இருக்கும் பூங்காத் தலைமையகமே 1,500 மீட்டருக்கு மேலே இருக்கிறது. அங்கோ குண்டாசாங்கிலோ ஓர் இரவு உறங்கினால், மறுநாள் மூச்சுக்கு அது பெரிய உபகாரம்.

மறுநாள் காலை கழுத்தில் பெயரட்டையை மாட்டிக்கொண்டு, 1,866 மீட்டரில் உள்ள திம்போஹோன் வாயிலைக் கடந்தால், ஆறு கிலோமீட்டருக்குப் படிகள். மரத்தாலும் கல்லாலும் ஆன அந்தப் படிகளில் ஒன்றின் உயரம் மற்றொன்றுக்கு இராது. ஆகையால் கால் ஒரு தாளத்துக்குப் பழகவே பழகாது. இடையிடையே சிறு தங்கல்கள். அவற்றில் தொட்டித் தண்ணீர், சுத்திகரிக்கப்படாதது. நாம் பையைத் திறந்த மறுகணமே மடியருகில் வந்து நிற்கும் அணில்கள். பிஸ்கட்டை இழந்தவர்கள் பலர். சுமையைக் கூலிக்கு எடுத்துப்போகும் உள்ளூர்க்காரர்கள் அதே படிகளில் அரிசியும் எரிவாயு உருளையும் ஏற்றிக்கொண்டு நம்மைத் தாண்டிப் போவார்கள். நம்முடன் வரும் மாலிம் குனோங், அதாவது மலை வழிகாட்டி, பெரும்பாலும் அடிவாரத்து டூசுன் கிராமத்தவர்; நமக்குப் பின்னால்தான் நடப்பார். "அங்கிள், பெலான்-பெலான்," மெல்ல மெல்ல, என்று அவர் திரும்பத் திரும்பச் சொல்வதை நம்மவர் உபசாரம் என்று எண்ணிவிடுகிறார்கள். அது வைத்திய ஆலோசனை.

பனாலாபானில் மாலை ஏழு மணிக்கே படுத்து, நள்ளிரவு கடந்ததும் எழுந்து, இரண்டு அல்லது இரண்டரை மணிக்கு நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு புறப்பட வேண்டும். விடியுமுன் நெற்றி விளக்கோடு பால்மரம் சீவப் போன தோட்டத்துப் பாட்டிமார்களின் பேரப்பிள்ளைகளுக்கு இது குலவித்தை என்றே சொல்லலாம். ஆனால் தோட்டத்தில் குளிர் இல்லை. ஆயிரம் மீட்டருக்கு ஆறரை டிகிரி வீதம் வெப்பம் குறையும் என்ற பொதுக் கணக்கின்படியே, ஜொகூரில் முப்பது டிகிரி என்றால் சிகரத்தில் மூன்று, நான்கு; காற்றும் ஈரமும் சேர்ந்தால் அதனினும் கீழே. பருத்திச் சட்டை வியர்வையில் நனைந்தால் காயாது என்பதால் கம்பளியோ செயற்கை இழையோதான் உடுத்த வேண்டும். சாயாட்-சாயாட் சாவடியை, ஏறக்குறைய 3,670 மீட்டரில், குறித்த நேரத்துக்குள் அடையாதவர்களை மேலே விடுவதில்லை. மழை வலுத்தால் கருங்கல் சரிவு முழுவதும் நீரோடையாகிவிடும். அன்று ஒருவருக்கும் சிகரம் இல்லை.

இந்த இடத்தில்தான் திட்டத்தின் உண்மையான சோதனை வருகிறது. குடும்பமாகப் போன கூட்டத்தில் மாமாவுக்குத் தலை வலிக்கும், அவர் சொல்லமாட்டார். பணம் கட்டியாயிற்று, விடுப்பு எடுத்தாயிற்று, சிகரத்தில் நின்று எடுத்த படத்தைச் சுங்கை சிகாமட்டில் இருக்கும் சம்பந்தி வீட்டுக்கு அனுப்புவதாகச் சொல்லியாயிற்று. வழிகாட்டி "இறங்கலாம்" என்றால், அவர் வயதென்ன, நம் வயதென்ன என்ற எண்ணம் எழும். ஆகவே, யார் திரும்பச் சொன்னால் திரும்புவது, ஒருவர் திரும்பினால் துணைக்கு யார் இறங்குவது, மற்றவர்களுக்கு வழிகாட்டி மீதமிருப்பாரா என்பதையெல்லாம் கீழே, வயிறு நிறைந்து புத்தி தெளிவாக இருக்கும்போதே பேசி முடித்துவிட வேண்டும். மேலே போனபின் அந்தப் பேச்சுக்கு வேண்டிய பிராணவாயு இராது.

அந்த வழிகாட்டிகள் யார் என்பதை உலகம் 2015 ஜூன் 5-ந் தேதி காலையில் கண்டது. ரானாவ் அருகே 6.0 அளவில் பதிவான பூகம்பம் மலையை உலுக்கிப் பாறைகளைச் சரித்தபோது, பதினெட்டுப் பேர் மாண்டார்கள், நம் பாலத்துக்கு அப்பால் உள்ள சிங்கப்பூரிலிருந்து பள்ளிப் பிரயாணமாக வந்த சிறுவர் சிறுமியரும் அவர்களுடைய ஆசிரியர்களும் அவர்களில் அடக்கம், வழிகாட்டிகளும் அடக்கம். 'கழுதைக் காதுகள்' என்று பெயர் பெற்ற இரட்டைக் கொம்புச் சிகரத்தில் ஒரு கொம்பு முறிந்தது. மேகமூட்டத்தால் ஹெலிகாப்டர்கள் நெருங்க முடியாமற்போக, மேலே சிக்கியிருந்த நூற்றுக்கு மேற்பட்டவர்களை, கற்கள் உருண்டுகொண்டிருந்த பாதையில் அந்த டூசுன் இளைஞர்களே நடத்திக் கீழே கொண்டுவந்து சேர்த்தார்கள். அந்த மலையைத் தம் முன்னோரின் ஆவிகள் தங்கும் ஸ்தலமாகப் போற்றுகிறவர்கள் அவர்கள். புதிய பாதைகள் வெட்டி, அவ்வாண்டு டிசம்பரில்தான் சிகரம் மீண்டும் திறக்கப்பட்டது.

கினபாலுவை இரண்டு நாளில் முடித்தவர்கள், அதே கணக்கை நேபாளத்துக்கும் கொண்டுபோவதுதான் ஆபத்து. கினபாலுவில் ஒரே நாளில் 1,400 மீட்டர் ஏறுவது வைத்திய முறைக்கு விரோதமானதே. மறுநாளே இறங்கிவிடுவதால் பெரும்பாலோர் தப்பிவிடுகிறார்கள். இமயத்தில் அந்தத் தப்புதல் இல்லை. 3,000 மீட்டருக்கு மேலே உறங்கும் இடத்தின் உயரத்தை நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டலாகாது, மூன்று நான்கு நாளைக்கு ஒருமுறை ஒரே இடத்தில் இரண்டு இரவு தங்க வேண்டும் என்பது உயர்மலை வைத்தியர்களின் விதி. 2,860 மீட்டர் லுக்லாவில் விமானம் இறங்கி, 3,440 மீட்டர் நாம்சேயில் ஒரு நாள், 4,410 மீட்டர் டிங்போசேயில் ஒரு நாள் என்று ஓய்வு கொடுத்து முகாமை எட்டித் திரும்ப, நடைக்கு மட்டும் பன்னிரண்டு நாள் பிடிக்கும். லுக்லாவின் ஓடுபாதை 527 மீட்டர் நீளந்தான். மேகம் கவிந்தால் விமானம் வராது. ஆகவே திரும்பும் சர்வதேச விமானத்துக்கு முன்னால் இரண்டு மூன்று நாள் சும்மா விட்டுவைக்க வேண்டும். சாப்பாட்டைப் பற்றிச் சைவர்கள் கவலைப்பட வேண்டியதில்லை. பருப்பும் சோறும் அங்கே அன்றாட ஆகாரம், இரண்டாம் தரமும் கேட்காமலே வட்டிப்பார்கள். மேலே போகப் போக இறைச்சியைத் தொடாதிருப்பதே உத்தமம் என்று அசைவர்களுக்கும் சொல்வார்கள், ஏனெனில் அது கீழேயிருந்து நாள்கணக்கில் சுமந்து வரப்படுவது.

இந்த வழியில்தான் எம். மகேந்திரனும் என். மோகனதாஸும் 1997-ல் நடந்துபோனார்கள். அவ்வாண்டு மே 23-ந் தேதி எவரெஸ்டின் உச்சியை அடைந்த முதல் மலேசியர்கள் அவர்கள். சிகரத்துக்குச் சென்ற அவர்களுக்கே உயரத்துக்குப் பழக வாரக்கணக்கில் அவகாசம் வேண்டியிருந்தது என்றால், முகாம் வரை செல்லும் நமக்குப் பன்னிரண்டு நாளைக் கொடுப்பதில் கஞ்சத்தனம் ஏன்? விலையைக் குறைப்பதற்காக ஓய்வு நாள்களை வெட்டி, எட்டு நாளில் காட்டி வருகிறோம் என்று சொல்லும் ஏற்பாட்டாளர்கள் உண்டு. அவர்களிடம் முன்பணம் கட்டுமுன் சில கேள்விகள்: 3,000 மீட்டருக்கு மேல் எத்தனை இரவு, ஒவ்வோர் இரவும் எந்த உயரத்தில்? எத்தனை பேருக்கு ஒரு வழிகாட்டி? ஒருவரைக் கீழே அனுப்ப வேண்டுமென்றால் முடிவு செய்கிறவர் வழிகாட்டியா, கோலாலம்பூரில் இருக்கும் மேலாளரா? சுமைகாரர்களுக்குக் குளிராடையும் காப்புறுதியும் யார் பொறுப்பு? நம்முடைய காப்புறுதிப் பத்திரத்தில் 5,500 மீட்டர் வரை ஹெலிகாப்டர் மீட்பு எழுதப்பட்டிருக்கிறதா, அல்லது 3,000 மீட்டரோடு நின்றுவிடுகிறதா? பதில்களை எழுத்தில் கேளுங்கள். தர மறுத்தால், அந்த முன்பணத்தைப் பத்திரமாக வைத்திருந்து, மனைவி மக்களோடு தங்காக்குக்குப் போய் லேடாங்கை இன்னொரு முறை ஏறி இறங்கிவிட்டு, வேறோர் ஏற்பாட்டாளரைத் தேடலாம். நேபாளத்தில் அடுத்த பருவம் ஆறு மாதத்தில் வந்துவிடும்.