பற்பசையில் உள்ள உப்பு

மலைப்பொழிவில் நம் ஆண்டவர் தம் சீடரை உப்புக்கு ஒப்பிட்டார். உணவுக்குச் சுவையூட்டுவதும் உப்பே. மிகுந்தால் அதைக் கெடுப்பதும் உப்பே. நாள்தோறும் காலையில் நாம் கையிலெடுக்கும் பற்பசையும் இதே பாடத்தைப் புகட்டுகிறது.

நம் பாட்டன்மார் உப்பும் அடுப்புக்கரியும் கொண்டு பல் துலக்கினர். இன்றைய பற்பசைகள் பலவற்றில், அழுக்கைத் தேய்த்தெடுக்கக் கால்சியம் கார்பனேட் போன்ற தூளும், பற்சொத்தையைத் தடுக்க ஃபுளோரைடு உப்பும் சேர்க்கப்படுகின்றன. வாயில் தங்கும் இனிப்பைக் கிருமிகள் அமிலமாக்குகின்றன. அந்த அமிலம் பல்லின் மேற்பூச்சாகிய எனாமலைக் கரைக்கிறது. கரைந்த தாதுக்கள் மீண்டும் பல்லில் படிய ஃபுளோரைடு துணைபுரிகிறது.

எனினும் பல் மருத்துவர்கள் இவ்வுப்பை அறிய வழிகாட்டியது ஒரு கறையே! ஃபிரடெரிக் மெக்கே என்பவர் 1901-இல் அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகரில் பல் மருத்துவராகப் பணி தொடங்கினார். அவ்வூரில் வளர்ந்தோர் பலரின் பற்களில் பழுப்புக் கறை இருந்தது, சொத்தையோ குறைவாயிருந்தது. குடிநீரில் மிகுந்திருந்த ஃபுளோரைடே கறைக்குக் காரணம் என்பது 1931-இல்தான் வெளிப்பட்டது.

நம் நாட்டில், அன்றைய சென்னை மாகாணத்தில், இந்நோய் 1937-இல் பதிவாயிற்று. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பாறைகளிலிருந்து கரைந்த ஃபுளோரைடு நிலத்தடி நீரில் கலந்து, பிள்ளைகளின் பற்களைக் கறைப்படுத்தியது. நெடுங்காலம் அந்நீரைப் பருகியோரின் எலும்பையும் மூட்டையும் நலிவித்தது. காவிரி நீரை அங்குக் கொண்டு செல்லும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் தொடங்கி வைக்கப்பட்டதும் இக்கேட்டைத் தணிக்கவே.

பெற்றோர் ஒன்றை உணர வேண்டும்: இக்கறை அழுக்கன்று. ஈறுக்குள்ளே பல் உருவாகும் பருவத்திலேயே அது பதிந்துவிடுகிறது. கரியும் செங்கற்பொடியும் கொண்டு தேய்த்தால் எனாமல்தான் தேயும், கறை போகாது. பல் துலக்காதவன் என்று ஒரு சிறுவனைப் பழிப்பதும், பெண் பார்க்கச் சென்று பல்லைக் காட்டி மறுப்பதும் எத்துணைக் கொடுமை! குற்றம் நீரினுடையது, தண்டனையோ குழந்தைக்கா?

ஆகவே, அளவறிந்து பயன்படுத்துவோம். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு அரிசியளவு பசையும், மூன்று முதல் ஆறு வயது வரை பட்டாணியளவும் போதும். விழுங்காமல் துப்பக் கற்பியுங்கள். பசையின் உறையில் ஃபுளோரைடின் அளவைப் பாருங்கள். உங்கள் ஊர்க் கிணற்று நீரைச் சோதிக்கச் செய்யுங்கள். லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்கு மிகாதிருப்பதே நன்று. மிகுந்திருப்பின் குடிக்க வேறு நீரைத் தேடுவதோடு, குழந்தைக்கு ஏற்ற பசை எது என்று பல் மருத்துவரிடம் கேளுங்கள்.

கறைபட்ட பல்லோடு ஒரு பிள்ளை கைம்மறைவின்றிச் சிரிக்கும் வீடே அன்பு குடிகொண்ட வீடு. அவ்வீட்டாரே உப்பின் சாரம் குன்றாதவர்.