வாசனை தந்த வேதனை

சோப்பு, பவுடர், சென்ட், துணி துவைக்கிற தூள்... எதையும் மோந்து பார்த்து வாங்குவதுதான் நம் பழக்கம். அந்த வாசனையே சிலருடைய தோலுக்கு ஒத்துக்கொள்ளாது என்பது பலருக்குத் தெரிவதில்லை.

எங்கள் தெருவில் ஒரு மருமகள். கழுத்து, காது மடல், விரலிடுக்கு எல்லாம் சிவந்து தடித்து, ராத்திரியெல்லாம் தூங்க விடாத அரிப்பு. 'ஒட்டுவாரொட்டி' என்று மாமியார் தனித் தட்டு, தனி டம்ளர் வைத்துவிட்டார். நாத்தனார் வளைகாப்பில் சந்தனம் பூச விடவில்லை. ஐப்பசி அன்னாபிஷேகத்துக்கு ஊரே கோயிலில் திரண்டபோதும் அவள் வாசல் தாண்டவில்லை. அரிப்பைவிட அந்த ஒதுக்கல்தான் அவளை அழ வைத்தது.

கடைசியில் தோல் டாக்டரிடம் போனார்கள். முதுகில் சின்னச் சின்னதாக மருந்துப் பட்டைகளை ஒட்டி, இரண்டு நாள் கழித்து எடுத்து, பிறகு இன்னொரு நாளும் வரச்சொல்லிப் பார்த்தார். 'பேட்ச் டெஸ்ட்' என்று பெயராம். வாசனைப் பொருள் அலர்ஜி என்று தெரிந்தது.

இது தொற்று நோயே அல்ல. பட்டவுடன் வராமல் ஓரிரு நாள் கழித்தும் வருவதால், எதனால் வந்தது என்று புரிவதில்லை. பல வருஷம் ஒத்துக்கொண்ட சோப்பும் ஒருநாள் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். ஒருமுறை வந்துவிட்டால் பெரும்பாலும் ஆயுசுக்கும் இருக்கும். அந்தப் பொருளைத் தொடாமல் இருப்பதே முக்கிய வைத்தியம்.

ஐரோப்பாவில் 100 பேரில் 1 முதல் 3 பேருக்கு இது இருப்பதாகக் கணக்கு. அங்கே 26 வாசனைப் பொருட்களின் பெயரை லேபிளில் போட வேண்டும் என்று 2005 முதல் சட்டம் இருக்கிறது. 2023-ல் அந்தப் பட்டியலை 80-க்கும் மேலாக நீட்டினார்கள். நம் ஊர் சோப்பு உறைகளில் பெரும்பாலும் 'பெர்ஃப்யூம்' என்ற ஒரே வார்த்தைதான்!

சகோதரிகளே, புது க்ரீம் வாங்கினால் முழங்கையின் உள்பக்கம் கொஞ்சம் தடவி, ஒரு வாரம் பார்த்துவிட்டு முகத்துக்குப் போடுங்கள். 'இயற்கை வாசனை' என்றாலும் நம்பிவிடாதீர்கள். பூ எண்ணெயும் சிலருக்கு ஆகாது. அரிப்பு விடாவிட்டால் கடையில் கேட்டு களிம்பு வாங்கிப் பூசாமல், பயன்படுத்துகிற சோப்பு, பவுடர் உறைகளோடு தோல் டாக்டரைப் பாருங்கள்.

அந்த மருமகள் இப்போது வாசனையில்லாத சோப்புக்கு மாறி, கை கழுத்தெல்லாம் தெளிந்து நன்றாக இருக்கிறாள். நூறில் ஒருத்திதானே என்று விட்டுவிட முடியுமா? அந்த ஒருத்தி நம் வீட்டுப் பெண்ணாகவும் இருக்கலாம். தட்டைப் பிரித்து வைக்கும் முன், டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்கலாமே!

- ஒரு வாசகி, கங்கைகொண்ட சோழபுரம்.