“கதை பிரமாதம் சார்!” என்று சொன்னால் நம்பாதீங்க!
புதிய எழுத்தாளர்களுக்குத் தகடூர் சொல்லும் பாடம்

தருமபுரி—
கதை எழுதுவது ஒரு பாடு. அதை நாலு பேர் முன்னால் படித்துக் காட்டுவது பெரும்பாடு! நெஞ்சு ‘படக் படக்’ என்று அடித்துக் கொள்ளும். படித்து முடித்ததும் பெரும்பாலும் ஒரே பதில்தான்: “பிரமாதம் சார்!”

சொன்னவர் டீ குடித்துவிட்டுப் போய் விடுவார். எழுதியவர்தான் மாட்டிக் கொள்வார். அந்தப் பேச்சை நம்பிச் சொந்தக் காசில் புத்தகம் போடுவார். விற்காத கட்டுகள் கட்டிலுக்கு அடியில் கிடக்கும்.

இன்னொரு ரகம் உண்டு. “இதெல்லாம் ஒரு கதையா?” என்று ஒரே போடாகப் போடுகிறவர். அந்தச் சொல்லோடு பேனாவை மூடி வைத்தவர்கள் எத்தனையோ பேர்!

இரண்டுக்கும் நடுவே வழி இல்லையா? இருக்கிறது.

அவ்வை பார்த்த ஆயுதங்கள்

தருமபுரியின் பழைய பெயர் தகடூர். அதை ஆண்ட மன்னன் அதியமான் நெடுமான் அஞ்சி. அவனுக்காகத் தொண்டைமானிடம் தூது போனார் அவ்வையார். தொண்டைமான் தன் ஆயுதங்களைப் பெருமையோடு காட்டினான். மயில்பீலி, மாலை, நெய்ப் பூச்சு என்று எல்லாம் பளபளத்தன.

அவ்வையார் திட்டவில்லை. அழகாக இருப்பதாகவே சொன்னார். கூடவே, “எங்கள் மன்னனின் வேல்களோ பகைவரைக் குத்தி முனை ஒடிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன” என்ற கருத்தையும் சொல்லி வைத்தார்! புறநானூற்றில் 95-வது பாட்டு இது.

கதையும் அப்படித்தான். பீரோவில் பளபளப்பது சண்டைக்கு உதவாது. பட்டறைக்குப் போய் வர வேண்டும்.

எந்த இடம்?

ஒடிந்த வேலைக் கொல்லன் திட்டுவதில்லை. ஒடிந்த இடத்தைப் பார்த்து அதைத்தான் காய்ச்சி அடிக்கிறான். கருத்துச் சொல்கிறவரும் அப்படியே சொல்லலாம். “மூணாம் பக்கத்துல அலுப்புத் தட்டிச்சு”, “அந்தம்மா ஏன் அழறாங்கன்னு புரியலே” என்றால் போதும். ஆளைப் பற்றிப் பேச்சே வேண்டாம்.

எழுதியவருக்கும் ஒரு வேலை உண்டு. வாயை மூடிக் கொண்டு குறித்துக் கொள்வது! “நான் என்ன நினைச்சு எழுதினேன்னா...” என்று ஆரம்பிக்கக் கூடாது. பஸ்ஸில் உட்கார்ந்து படிக்கிறவருக்கு விளக்கம் சொல்லப் பக்கத்து சீட்டில் எழுத்தாளர் இருக்க மாட்டார்.

ஒருவர் குறை சொன்னால் யோசிக்கலாம். மூன்று பேர் ஒரே இடத்தைக் காட்டினால் அங்கே கோளாறு இருக்கிறது. எப்படித் திருத்துவது என்பது மட்டும் எழுதியவர் முடிவு.

மாதம் ஒரு கதை

சென்னையில் 1970-ல் தொடங்கிய ‘இலக்கியச் சிந்தனை’ அமைப்பு, பத்திரிகைக் கதைகளைப் படித்து மாதம் ஒன்றைத் தேர்ந்தெடுத்தது. ஆண்டுக்கு 12 கதைகள். அவற்றில் ஒன்று ஆண்டின் சிறந்த கதை! பெரிய பத்திரிகையில் வந்துவிட்டது என்பதற்காக எந்தக் கதையும் தப்பவில்லை.

நாகர்கோவிலில் எழுத்தாளர் சுந்தர ராமசாமியின் வீடும் இலக்கியப் பேச்சுக்குப் பெயர் போனது. அவரோடு பழகி வளர்ந்தவர்களில் ஒருவர் ஜெயமோகன். அவர் பின்னர் தருமபுரியில் தொலைபேசித் துறை ஊழியராக இருந்தவர்.

இதற்கு மேடை, மைக், மாலை எதுவும் தேவையில்லை. நாலு பேரும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் போதும்.

இனி யாராவது “பிரமாதம்” என்றால் விடாதீர்கள். “எந்த இடம் சார்?” என்று கேளுங்கள். பதில் வந்தால், அவர் நிஜமாகவே படித்திருக்கிறார்!